கை அறிந்த நாராயணர்

அத்தியாயம் 17

பட்டுத் துணிக்குள் கையை விட்ட சுனயனா, விட்டது விட்டபடியே நின்றுவிட்டாள்.

ஈரத் தலை முதுகில் சொட்டிக்கொண்டிருந்தது. யோமரிக் கொழுக்கட்டை படைக்கும் பௌர்ணமிக் குளிரில் நேபாளத்து லலித்பூர் மொத்தமும் பல் கிட்டிக் கிடந்த காலை நேரம். அவளுக்குக் குளிர் உறைக்கவில்லை.

சங்கு முனை எங்கே?

ஒரு வருடமாகத் தினமும் காலையில், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, வெண்கல நாராயணரைக் குளிப்பாட்டும்போதெல்லாம் ஆள்காட்டி விரலைச் சுருக்கென்று குத்தும் முனை அது. "குத்தாதீங்க சாமி, உங்களுக்குத்தானே சேவகம் பண்றேன்" என்று அவள் செல்லமாகக் கோபித்துக்கொள்வாள். இன்று சங்கு இருந்தது, முனை இல்லை. மொழுக்கென்று இருந்தது. சக்கரத்தின் பற்களும் அப்படியே. இடுப்பு ஆபரணத்தில் எண்ணி எண்ணித் தடவும் மணிகள் ஒன்றோடொன்று இழைந்து கிடந்தன. அவசரத்தில் அரைகுறையாக வார்த்துத் தள்ளிய வேலை மாதிரி இருந்தது.

விரல்கள் இன்னும் கீழே போயின. சுண்டு விரலுக்கு நுனியில்லை. பின்னால் கை போனது. முதுகில் ஒரு பள்ளம், ஒட்டுப் போட்டது போல.

"அய்யய்யோ! இது அவரில்லையே!"

சத்தம் வெளியே வந்துவிடாமல் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

இந்த வாரம்தான் நம்மோடு வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. அமாத்ய வம்சத்தில் ஒன்பது வீடுகள். ஒன்பது வீட்டுக்கும் சேர்த்து இந்த ஒரு நாராயணர். முறை வைத்து வருடத்துக்கு ஒரு வீட்டில் இருப்பார். அவர் உடம்பு எப்போதும் பட்டுக்குள்தான் இருக்கும். கழுத்துக்குக் கீழே யார் கண்ணும் படக்கூடாது. முகத்திலோ சந்தனமும் சிந்தூரமும் அப்பியிருக்கும். அதனால் ஆண்களுக்குத் தெரிந்தது கிரீடமும் கண்ணும்தான். முறை வீட்டுக் குடும்பத் தலைவி மட்டும் தினமும் பார்க்காமல், பட்டுக்குள் கைவிட்டுக் குளிப்பாட்டுவாள். அந்த நாராயணரை முழுதாக அறிந்தவை ஒன்பது பெண்களின் கைகள்தான்.

சுனயனாவுக்கு இதுதான் முதல் முறை. போன முறை வந்தபோது மாமியார் இருந்தார். இந்த முறை அவர் இல்லை.

இன்று மத்தியானம் சாமி அடுத்த வீட்டுக்குப் போகவேண்டிய நாள். கொழுந்தன் புஷ்பமான் பத்து மாதத்துக்கு முன்னால் அண்ணனோடு வாய்ச்சண்டை போட்டுக்கொண்டு பனாரஸ் போனதையும், மூன்று நாள் முன்னால் கடிதம்கூடப் போடாமல் கம்பளி மூட்டையோடு வந்து நின்றதையும் போன வாரம் பார்த்தோம். நேற்றுச் சாயங்காலம், "அண்ணனுக்குத்தான் உடம்பு சரியில்லையே, இன்னிக்கு விளக்கு நான் ஏத்தறேன்" என்று அவன் சாவி கேட்டான். அவளும் நம்பிக் கொடுத்தாள்.

கொடுத்த கையாலேயே தலையில் அடித்துக்கொண்டாள்.

ஊரில் இந்த நாலைந்து வருடமாகச் சாமி திருட்டுக்குக் கணக்கில்லை. போன மாதம் குளத்தங்கரை உமாமகேஸ்வரரை இரவோடு இரவாகப் பீடத்தோடு பெயர்த்துக்கொண்டு போனார்கள். காலையில் பூப்போட வந்த பெண்கள் வெறும் குழியைப் பார்த்து மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். அன்றைக்கு சுனயனாவும் போய்ப் பார்த்து, "எந்தப் பாவி கை இது, விளங்குமா?" என்று வாயாரச் சபித்துவிட்டு வந்திருந்தாள். அந்தக் கை தன் வீட்டிலேயே சோறு தின்றுகொண்டிருக்கும் என்று நினைத்தாளா என்ன?

செம்பை வைத்துவிட்டுப் பூஜையறையைப் பூட்டினாள். படியிறங்கிக் கணவன் அறைக்கு ஓடினாள்.

தீர்த்தமான் கணக்கு வாத்தியார். தெருவில் பாதிப் பேருக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவர். ஒரு வாரமாகப் பாயில் சுருண்டு கிடந்தார். காய்ச்சலும் இல்லை, இருமலும் இல்லை. சோறு மட்டும் இறங்கவில்லை. வைத்தியர் வந்து நாடி பார்த்துவிட்டு, "மனசுலதான் ஏதோ இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"என்னங்க, எழுந்திருங்க. குடி முழுகிப்போச்சு."

"என்ன?"

"சாமியை மாத்திட்டாங்க. பட்டுக்குள்ள இருக்கறது நம்ம நாராயணர் இல்ல. சங்கு முனை மொழுக்குன்னு இருக்கு. அவர் சங்கு என் விரலைக் குத்தும். எனக்குத் தெரியாதா?"

தீர்த்தமான் போர்வையை உதறிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். ஒரு வாரமாகத் தலை தூக்காத மனிதர்!

"முதுகு? முதுகுல பள்ளம் இருக்கா? சதுரமா?"

"இருக்கு."

"சுண்டு விரல்?"

"நுனி இல்ல."

அவர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து அவள் கிட்டே போனாள். கையை எடுத்தபோது கண்ணில் தண்ணீர் இருந்தது, வாயில் சிரிப்பு இருந்தது.

"சாமி போச்சுங்கறேன், சிரிக்கிறீங்களே! பைத்தியம் பிடிச்சிருச்சா?"

"சிரிக்கலடி. பசிக்குது. அவல் இருந்தா கொஞ்சம் கொடு."

சுனயனாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாமி களவு போன வீட்டில் அவல் கேட்கிற ஆம்பளையை அவள் எங்கும் கண்டதில்லை.

"இங்க பாரு," என்றார் அவர், அவள் மணிக்கட்டைப் பிடித்து. "சாயங்காலம் வரைக்கும் இதைப் பத்தி மூச்சு விடாதே. யார்கிட்டயும். எல்லாம் நல்லபடியா முடியும்."

"எப்படி முடியும்? இன்னும் கொஞ்ச நேரத்துல எடை பார்க்கறாங்களே!"

"பார்க்கட்டும்."

குளிக்கத் தண்ணீர் எடுக்கக் கிளம்பிவிட்டார். வயிறு காய்ந்ததில் மூளை கலங்கிவிட்டது, வேறொன்றுமில்லை என்று அவள் முடிவு கட்டினாள். இனி இந்த வீட்டில் நடக்கவேண்டியதைத் தான்தான் நடத்தியாகவேண்டும்.

நேரே கொழுந்தன் அறைக்குப் போனாள்.

புஷ்பமான் தாழ்வாரக் கம்பத்தடியில் உட்கார்ந்து முகம் வழித்துக்கொண்டிருந்தான். அவன் "அண்ணி" என்று எழுவதற்குள் அறைக்குள் நுழைந்து மூலையிலிருந்த கம்பளி மூட்டையைப் பிடித்துவிட்டாள். மூட்டை கனத்தது. கையை உள்ளே விட்டாள். பழக்கம் போகுமா? முகம் தானாகச் சுவர்ப் பக்கம் திரும்பியது.

சுருக்கென்று விரலில் குத்தியது.

அதே முனை. அதே சக்கரம். இடுப்பில் அதே மணிகள்.

"என் சாமி!" என்று அவளுக்கு விம்மல் வந்துவிட்டது. "இந்த அழுக்குக் கம்பளிக்குள்ள போட்டுச் சுருட்டி வச்சிருக்கானே, படுபாவி!"

முகத்தில் பாதி சோப்பு நுரையோடு புஷ்பமான் ஓடி வந்தான். மூட்டையையும் அண்ணியையும் மாறி மாறிப் பார்த்தான். அப்படியே அவள் காலில் விழுந்தான்.

"அண்ணி, இன்னிக்கு ஒரு நாள் வாயைத் திறக்காதீங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேட்கறேன்."

"காலை விடுடா! எட்டு வயசுல உன் அம்மா உன்னை என் கையில கொடுத்தாங்க. உனக்குத் தலைவாரி விட்டிருக்கேன். அம்மை போட்டப்போ ராப்பகலா உன் பக்கத்துல உட்கார்ந்திருக்கேன். அதுக்கு இதுதானா கூலி?"

"நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"என்னத்தைச் சொல்லப் போறே? பனாரஸ்ல எவன்கிட்ட பேசி வச்சிருக்கே?"

"சொன்னா உங்களால தாங்க முடியாது, அண்ணி."

"அடேயப்பா! திருடனுக்கு அக்கறை வேறயா?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அதுவே அவளுக்கு வாக்குமூலமாகப் பட்டது. அவனை வெளியே தள்ளி, அறையைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

சாமியை இப்போதே எடுத்துப் பழைய இடத்தில் வைத்துவிட்டால் என்ன? யோசிக்காமல் இல்லை. பூஜையறைப் படி வரைக்கும் போனாள். அதற்குள் கீழே முற்றத்தில் மேளம் கேட்டது. தகாலி வந்துவிட்டார். தகாலி என்றால் ஒன்பது வீட்டிலும் வயதில் மூத்தவர். அவர் வந்து உட்கார்ந்தபின் முறை வீட்டுக்காரர் ஒருவர்தான், அதாவது தீர்த்தமான்தான், சாமியை எடுத்து வரலாம். அந்த நேரத்தில் பெண்கள் பூஜையறைக்குள் நுழையக்கூடாது. தீர்த்தமான் கோடித் துணி கட்டிக்கொண்டு, குளித்த ஈரத்தோடு, அவளைத் தாண்டி மேலே போனார்.

முற்றம் நிறைந்துவிட்டது. ஒன்பது வீட்டு ஆண்களும் பெண்களும் வரிசை வரிசையாக வைக்கோல் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் வரிசையில் முதல் ஆளாக பூர்ணமாயா. போன வருடம் முறை முடித்துச் சாமியை இந்த வீட்டுக்குக் கொடுத்தவள் அவள்தான். வாய்க்காரி. அவள் கணவன் ரத்னமான் எதிர் வரிசையில், பளபளவென்ற புதுத் தொப்பியோடு சம்மணம் போட்டிருந்தார்.

"என்ன சுனயனா, முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு? யோமரி மாவு வெந்து வெடிச்சுப் போச்சா?" என்றாள் பூர்ணமாயா. பெண்கள் சிரித்தார்கள். "என் முறையில நூத்தியெட்டு யோமரி பண்ணினேன். ஒண்ணுகூட வால் ஒடியல. எள்ளு, வெல்லம் எல்லாம் அளவா இருந்துது."

"அக்கா, சும்மா இருங்க."

"சரிதாண்டி அம்மா. மகளுக்குப் பாக்கு வாங்கியாச்சுல்ல, இனி நாங்கள்ளாம் கண்ணுக்குத் தெரிவோமா?"

அந்தப் பேச்சு சுனயனாவின் நெஞ்சில் போய்த் தைத்தது. மகள் ரஞ்சுவுக்கு மாப்பிள்ளை வீட்டார் பத்துப் பாக்கு கொடுத்துப் பேசி முடித்து இருபது நாள்தான் ஆகிறது. மாசியில் கல்யாணம். சாமியைத் திருடிய வீடு என்று ஒன்பது வீட்டார் ஒதுக்கிவைத்துவிட்டால் கல்யாணமா நடக்கும்? நல்லதுக்கு அழைக்க மாட்டார்கள், சாவுக்குத் தோள் கொடுக்க ஆள் வராது. வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன? ஆனால் மூடிக்கொண்டிருந்தால் மட்டும்? இதோ நட்ட நடுவில் தராசு தொங்குகிறது. எடை சரிவராவிட்டால் மொத்தக் குடும்பமும் திருட்டுக் குடும்பம்தான். தப்பித் தவறி எடை ஒத்துப்போய்விட்டாலோ, அந்தப் போலி அடுத்த வீட்டுக்குப் போய்விடும். அப்புறம் யாரோ ஒரு பெண் யாரையோ குளிப்பாட்டிக்கொண்டிருப்பாள். நிஜமான சாமி பனாரஸில் எவன் கடைக்குப் போகுமோ?

எடை என்றால் படிக்கல் கணக்கெல்லாம் கிடையாது. நாராயணருக்கென்றே ஒரு ஆற்றுக் கல் உண்டு. அது எப்போதும் தகாலி வீட்டில் இருக்கும். வருடத்துக்கு ஒரு நாள், சாமிக்குச் சுற்றும் அதே அளவுப் பட்டைக் கல்லுக்கும் சுற்றி, ஒரு தட்டில் கல்லையும் இன்னொரு தட்டில் சாமியையும் வைப்பார்கள். முள் நேராக நிற்கவேண்டும். நூறு வருடத்துக்கு மேலாக நேராகத்தான் நின்றிருக்கிறது.

தகாலி ஹர்கலால் கல்லைத் தட்டில் வைத்தார். தீர்த்தமான் சாமியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் முகத்தில் ஒரு வாரமாக இல்லாத தெளிவு.

"நிறுத்துங்க!"

யார் கத்தியது என்று எல்லாரும் திரும்பினார்கள். சுனயனாவுக்கே தன் குரல் அடையாளம் தெரியவில்லை.

"அதைத் தட்டுல வைக்காதீங்க. அது நாராயணர் இல்ல."

மேளம் நின்றது. ஒரு குழந்தை வீலென்று அழுதது. "என்ன சொல்றா இவ?" "காத்துக் கருப்பு எதுவும் அடிச்சுதா?" என்று நாலு பக்கமும் குரல். தீர்த்தமான் மட்டும், "சுனயனா, வேண்டாம்" என்றார், மெதுவாக.

"எப்படி வேண்டாம்? ஒரு வருஷம் குளிப்பாட்டினவ நான். என் கைக்குத் தெரியும். நேத்துச் சாயங்காலம் மாத்தியிருக்காங்க." அவள் குரல் உடைந்தது. "நிஜமான சாமி மேல இருக்கு. என் கொழுந்தன் மூட்டையில. இதோ சாவி."

புஷ்பமான் தூணோரம் நின்றிருந்தான். பாதி வழித்த முகம் அப்படியே இருந்தது. யாரோ அவன் சட்டையைப் பிடித்தார்கள். "சீ! நாராயணரையா கைவச்சே?" என்று ஒரு அறை விழுந்தது. அவன் கையைத் தூக்கவில்லை.

தகாலிக்கு எண்பதைத் தாண்டிய வயது. ஆனாலும் குரல் கணீரென்றிருக்கும். "யாரும் யாரையும் அடிக்கவேண்டாம். கல்லு பேசட்டும். மூட்டையில இருக்கறதைக் கொண்டு வா, அம்மா. பட்டைச் சுத்திக் கொண்டு வா."

அவளே போய், முகத்தைத் திருப்பிக்கொண்டு பட்டைச் சுற்றி, நெஞ்சோடு அணைத்து எடுத்து வந்தாள். ஒரு வருடத்துப் பழக்கம். படியிறங்கும்போது, "பயப்படாதீங்க, வந்தாச்சு, உங்க இடத்துக்கு வந்தாச்சு" என்று அதனிடம் முணுமுணுத்தாள். தட்டில் வைத்தாள். தகாலி தாங்கிப் பிடித்திருந்த கையை எடுத்தார்.

தட்டு சர்ரென்று மேலே போனது.

கல் தரையைத் தொட்டது. சுனயனாவின் சாமி தராசின் உச்சியில் ஆடிக்கொண்டிருந்தார்.



"எடுங்க இதை," என்றார் தகாலி. "தீர்த்தமான், நீ கொண்டு வந்ததை வை."

வைத்தார். தட்டு இறங்கியது. கல் எழுந்தது. இரண்டும் ஒருமுறை மேலும் கீழும் ஆடி, நின்றன. முள் நட்டுவைத்தது போல நேராக நின்றது.

"அது எப்படி?" என்றாள் சுனயனா. "அது எப்படிங்க? முதுகுல பள்ளம் இருக்கே. சுண்டு விரல்ல நுனி இல்லையே."

பூர்ணமாயா எழுந்தாள். அவளை யாரும் கூப்பிடவில்லை. கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, தராசுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு பட்டுக்குள் கைவிட்டாள். பிறகு அவள் கன்னத்தில் தண்ணீர் ஓடியது. அந்த வாய்க்காரி அழுது யாரும் பார்த்ததில்லை.

"இவர்தான். என் நாராயணர். பள்ளத்தை அடைச்ச செப்புத் தகடு, சதுரமா. சுண்டு விரல் மூளி. சங்கு கூழாங்கல்லு மாதிரி. எத்தனை பொம்பளைங்க கை பட்டுத் தேய்ஞ்சது! நான் மருமகளா வந்தப்பவே இப்படித்தான்." கையை எடுக்காமலே சுனயனா பக்கம் திரும்பினாள். "உன் கையைக் குத்துச்சுன்னியே, சங்கு முனை? நானூறு வருஷம் தண்ணி ஊத்தித் தேய்ச்ச சங்கு எப்படிடி குத்தும்? குத்துதுன்னா அது புதுசு. அப்படின்னா ஒரு வருஷமா நீ யாரைக் குளிப்பாட்டிக்கிட்டிருந்தே?"

சுனயனா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

முந்நூத்துச் சொச்சம் காலை நேரங்கள். பட்டினி கிடந்த ஏகாதசிகள். ரஞ்சுவின் ஜாதகத்தை அவர் காலடியில் வைத்து அழுத அழுகை. எல்லாம் எவனோ பட்டறையில் வார்த்த ஒரு பொம்மைக்கா? அசல் தேய்ந்திருக்கும் என்று ஏன் தோன்றவில்லை? எப்படித் தோன்றும், முதல் நாளிலிருந்தே அவள் கைக்குக் கிடைத்தது போலிதானே!

தகாலி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாக இல்லை. யோசிக்கிற முகம்.

"போன வருஷம் இதே நாள், பூர்ணமாயா வீட்டு முற்றத்துல எடை பார்த்தோம். முள் நேரா நின்னுது. நானே பார்த்தேன். அங்கிருந்து சாமி இந்த வீட்டுக்கு வந்தார். முதல் ராத்திரி, முறை வீட்டு அண்ணன் தம்பியில யாராவது ஒருத்தர் பூட்டின அறைக்குள்ள சாமியோட தனியா விழிச்சிருக்கணும். மறுநாள் காலையில இந்தப் பொண்ணு முதல் தடவையா கையை விட்டுச்சு. அப்பவே குத்தியிருக்கு." அவர் ஒரு மூச்சு விட்டுக்கொண்டார். "அப்படின்னா மாறினது அந்த ஒரு ராத்திரியிலதான். அன்னிக்கு உள்ள விழிச்சிருந்தது யாரு?"

சுனயனா நியாயம் கேட்டுக் கத்தினாளே, அந்தக் கத்தல் எந்த வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது!

"நான்தான்," என்றான் புஷ்பமான்.

தூணோரத்திலிருந்து முன்னால் வந்தான். உதட்டில் ரத்தம் கசிந்திருந்தது. "நான்தான் விழிச்சிருந்தேன். நான்தான் மாத்தினேன். பனாரஸ்ல வித்தேன். மனசு கேட்கல, தேடிப் பிடிச்சுத் திரும்பக் கொண்டு வந்து வச்சுட்டேன். என்ன தண்டனையோ எனக்குக் கொடுங்க. அண்ணனுக்கும் அண்ணிக்கும் ஒண்ணும் தெரியாது."

"அப்பவே தெரியும் எனக்கு!" என்றது ஒரு குரல். "ஊர் சுத்தற பய!" என்றது இன்னொன்று. தகாலி கண்ணை மூடிக்கொண்டார். ஒதுக்கிவைத்தால் இவன் ஒருவனைத்தான் ஒதுக்குவார்கள் என்பது எல்லாருக்கும் புரிந்தது. தனிக்கட்டை. கல்யாணம் ஆகாதவன். பனாரஸுக்கே போய்ச் சேரட்டும். வீடு பிழைக்கும். ரஞ்சு கல்யாணம் மாசியில் நடக்கும். சுனயனா வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். காலையிலிருந்து எல்லாரும் அவளிடம் கேட்டது அது ஒன்றைத்தானே?

அவள் புஷ்பமானைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்து லேசாகத் தலையசைத்தான், "விடுங்க அண்ணி" என்பது போல.

விடலாமா?

போன வருடம் அந்த இரவு பூஜையறைக் கதவை வெளியிலிருந்து பூட்டியது அவள்தான். விடிந்ததும் திறந்துவிட்டதும் அவள்தான். உள்ளே இருந்தது யார் என்று சாமிக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும். பெண்கள் கை மட்டுமே போகிற முதுகில் பள்ளம் இருக்கிறது என்று, அவள் சொல்லும் முன்பே இன்று காலையில் கேட்ட ஆம்பளை யார் என்பதும் அவளுக்குத் தெரியும். காலையில் அது மண்டையில் ஏறவில்லை. இப்போது ஏறியது. இருபத்திரண்டு வருடம் ஒரே பாயில் படுத்த மனிதன்!

காலையில் புஷ்பமானைத் திருடன் என்றாள். இந்த நிமிடம் பேசாமல் இருந்தால் தானும் ஒரு திருடி.

"பொய்," என்றாள். எழுந்து நின்றாள். "இவன் பொய் சொல்றான், பெரியப்பா. அன்னிக்கு ராத்திரி இவன் மாடியில ரஞ்சுகூடச் சீட்டு விளையாடிக்கிட்டிருந்தான். உள்ள விழிச்சிருந்தது இவன் இல்ல."

"பின்னே யாரு?"

"அண்ணி!" என்று புஷ்பமான் கத்தினான்.

"என் வீட்டுக்காரர்," என்றாள் சுனயனா.

சொல்லிவிட்டாள். சொன்னபிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். கூட்டம் கொந்தளிக்கும் என்று காத்திருந்தாள். கணக்கு வாத்தியாரா? தீர்த்தமானா? நம்ப முடியாமல் ஒவ்வொரு முகமும் அவர் பக்கம் திரும்பியது.

தீர்த்தமான் தராசுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். தப்பிக்கப் பார்க்கவில்லை. தலையிலிருந்த தொப்பியைக் கழற்றித் தகாலியின் காலடியில் வைத்தார்.

"அவ சொல்றது நிஜம். என் தம்பி பொய் சொன்னான், எனக்காக. ஜன்னல் வழியாப் போலியை வாங்கிக்கிட்டு நான்தான் சாமியைக் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன்னு கேட்டீங்கன்னா அதையும் சொல்றேன், ஒளிக்க மாட்டேன். வருஷம் முடியறதுக்குள்ள திருப்பிக் கொடுத்துடறேன்னு நாராயணர் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணித்தான் வாங்கிட்டுப் போனாங்க. போன வாரம் கேட்டேன். கைவிரிச்சுட்டாங்க. தம்பி எங்கிருந்து மீட்டுக்கிட்டு வந்தான்னு எனக்கும் தெரியாது."

"யாரு வாங்கிட்டுப் போனது? வெளியூர்க்காரனா?" என்றார் தகாலி.

"வெளியூர்க்காரனுக்கு நாராயணர் எப்போ எந்த வீட்டுக்கு மாறுவார்னு எப்படித் தெரியும், பெரியப்பா? கிரீடமும் முகமும் அச்சு மாறாம போலியை வார்க்கறதுக்கு ஒரு வருஷம் முழுக்கச் சாமி யார் வீட்டுல இருந்துதோ, அங்கதானே முடியும்?"

அவர் பெயர் சொல்லவில்லை. எதிர் வரிசையில், ரத்னமானின் புதுத் தொப்பி தெரிந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

முகத்தை மூடியிருந்த முந்தானையை சுனயனா இறக்கினாள். தகாலி திரும்பினார். ஒவ்வொருவராக எல்லாரும் திரும்பினார்கள்.

பூர்ணமாயாவின் கை இன்னும் பட்டுக்குள்தான் இருந்தது.

"என்ன?" என்றாள். கேலியெல்லாம் எங்கேயோ போயிருந்தது. "எல்லாரும் ஏன் எங்க வீட்டுக்காரரையே பார்க்கறீங்க?"